பிரிட்டனின் ஆற்றங்கரை ஓடுபாதைகள்: குதிரை நடந்த வழியும் ஜல்லி தோண்டிய குழியும்

பிரிட்டனில் ஆற்றை ஒட்டி நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே உறைக்கும். பாதை ஒரே கரையில் நிலையாக இருப்பதில்லை. சில மைல் தூரம் இந்தக் கரையில் போகும், அப்புறம் காரணமே தெரியாமல் ஒரு பாலம் ஏறி அக்கரைக்குப் போய்விடும். சில இடங்களில் பாலமும் இருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதை தண்ணீரை விட்டு விலகி, கார்கள் சீறிப் போகும் சாலையோரமாகச் சுற்றிவந்து மறுபடி கரையைப் பிடிக்கும்.

இதை வரைபடம் போட்டவர்களின் கிறுக்குத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே ஓட்டக்காரர்கள் கொண்டாடும் வழிகளில் அழகுக்காகவே போட்டவை மிகக் குறைவு. சரக்குப் படகு இழுக்க, ஜல்லி எடுக்க, நிலக்கரி தோண்ட, ரயில் ஓட்ட என்று ஏதோ ஒரு வேலைக்காக உண்டான இடங்கள் அவை. அந்த வேலை நின்றுபோன பிறகு மிஞ்சியதில்தான் இன்று மக்கள் ஓடுகிறார்கள். பாதை ஏன் இவ்வளவு சமதளமாக இருக்கிறது, ஏன் இந்த இடத்தில் முடிகிறது, குளம் ஏன் இப்படிச் செதுக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்தப் பழைய வேலையில் இருக்கிறது. நாளைக்கு அந்தப் பாதை இருக்குமா என்பதற்கும் பாதி பதில் அங்கேதான்.

தேம்ஸ் பாதையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் தேசிய நெடும்பாதைகளில் ஒன்று, 1996இல் திறக்கப்பட்டது. கெம்பிள் கிராமத்துக்கு அருகே ஆறு பிறக்கும் இடத்திலிருந்து லண்டனின் கிழக்கே உள்ள தேம்ஸ் வெள்ளத்தடுப்பு வரை சுமார் 296 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி, படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகள் நடந்த வழி. அதை அங்கே டோபாத் என்கிறார்கள். ரயில் வருவதற்கு முன் கனமான சரக்கெல்லாம் ஆற்று வழியாகத்தான் போனது. நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகைக் கரையிலிருந்து இழுத்தாக வேண்டும். ஆனால் கரை நிலம் தனியாருடையது. தன் பங்களாவின் முன்னால் குதிரைகளும் படகோட்டிகளும் போவதை விரும்பாத நிலக்கிழார் வழி விடவில்லை என்றால், டோபாத் எதிர்க்கரைக்கு மாற வேண்டியதுதான். மாறும் இடத்தில் குதிரையை ஏற்றிப் போக ஒரு ஓடம் இருக்கும்.

குதிரைகள் போயின. அதோடு ஓடங்களும் போயின. இரண்டு கரையிலும் பாதை மட்டும் பாதிப் பாதியாக நின்றுவிட்டது. ஹர்லி கிராமத்துக்கு அருகே டெம்பிள் என்ற இடத்தில் ஓடம் 1953இல் நின்றது. அதற்குப் பதிலாக மரத்தால் ஒரு நடைபாலம் கட்ட 1989 வரை ஆனது. இன்று அந்தப் பாலத்தில் ஓடிக் கடக்கிறவர்கள், குதிரை எங்கே படகேறியதோ கிட்டத்தட்ட அங்கேதான் கடக்கிறார்கள். பாலம் கட்டாமல் விட்ட இடங்களும் உண்டு. அங்கேதான் பாதை சாலைக்குப் போய்விடுகிறது.

கேம்பிரிட்ஜில் கதை இன்னும் விநோதம். ஆற்றின் இரு கரையிலும் கல்லூரிகளின் தோட்டங்கள். கல்லூரிகள் டோபாத் போட இடம் தரவில்லை. அதனால் ஆற்றின் நடுவே தரையில் ஜல்லி கொட்டி மேடாக்கி, குதிரைகள் தண்ணீருக்குள்ளேயே நடந்து படகை இழுத்தன. இன்று கேம்பிரிட்ஜில் ஆற்றோரம் நீளமாக ஓட விரும்புகிறவர்கள் நகரத்துக்குக் கீழே, படகுப் போட்டி நடக்கும் பகுதிக்குப் போகிறார்கள். அங்கே டோபாத் உண்டு. கல்லூரிகளின் பின்புறத்தில் இல்லை. இருநூறு வருடத்துக்கு முன் யாரோ மறுத்தது இன்றைய ஓட்டத்தின் வழியைத் தீர்மானிக்கிறது.

கால்வாய்க் கரையில் ஓடுகிறவர்கள் ஒரு தடவை பாலத்தின் அடியில் நின்று பார்க்க வேண்டும். பழைய வளைவுப் பாலங்களின் மூலையில், இடுப்பு உயரத்தில், வார்ப்பிரும்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். அதில் விரல் நுழையும் ஆழத்துக்குக் கோடு கோடாகப் பள்ளங்கள். ஈரக் கயிறு, அதில் ஒட்டிய மணல், பின்னால் பல டன் சரக்கு. பல பத்தாண்டுகள் உரசி உரசி இரும்பையே அறுத்திருக்கிறது. தகடு வைத்ததே, கயிறு செங்கல்லை அறுத்துவிடக் கூடாது என்பதற்காக. லண்டனின் ரீஜண்ட்ஸ் கால்வாயில் இன்னொன்றையும் பார்க்கலாம்: கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் சரிவுகள். மிரண்டு கால்வாயில் விழுந்த குதிரையை மேலே ஏற்றுவதற்காக வைத்தவை அவை. மேக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாயில் பாதை கரை மாறும் இடத்தில் சுருள் சுருளாக வளைந்த கல்பாலங்கள் நிற்கின்றன. கயிற்றை அவிழ்க்காமலே குதிரை மேலே ஏறி, தான் வந்த வழியின் அடியிலேயே நுழைந்து மறுகரைக்குப் போகும்படி கட்டியவை. நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் கணக்குப் புரியும். அவ்வளவு கச்சிதம்.

இந்தச் சமதளமும் குதிரைக்காக வந்ததுதான். தண்ணீர் மட்டம் மாறக் கூடாது என்பதால் பழைய கால்வாய்களை மலைச்சரிவின் ஒரே உயரத்தில் சுற்றிச் சுற்றி வெட்டினார்கள். உயரம் மாறியே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் லாக் எனப்படும் மதகுத் தொட்டி. அங்கே பாதையும் ஒரு சின்ன ஏற்றம் ஏறும், அப்புறம் மறுபடி சமதளம். புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல தரை கிடைப்பது கஷ்டம். மூச்சு ஒரே சீராக இருக்கும், வழி தவறாது, சாலை கடக்க வேண்டியதில்லை. குறை என்று பார்த்தால் அகலம். ஒரு குதிரைக்காகப் போட்ட பாதையில் இன்று சைக்கிளும் நாயும் குழந்தை வண்டியும் சேர்ந்து போகின்றன. பாலத்துக்கு அடியில் எதிரே வருகிறவர் தெரியாது. அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

உரிமை யாருடையது?

ஆற்றோரப் பாதை என்றாலே பொதுவழி என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி இல்லை. ஆற்றங்கரையில் போவதற்கென்று பொதுவான உரிமை எதுவும் அங்கே கிடையாது. ஒவ்வொரு பாதையும் தனித்தனியாகச் சம்பாதிக்கப்பட்டது.

முதல் வகை, சட்டப்படி பொதுவழி. 1949இல் வந்த தேசியப் பூங்காக்கள் சட்டம், ஒவ்வொரு கவுன்ட்டியும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தன் எல்லைக்குள் உள்ள பொது வழிகளைப் பட்டியலிட்டு அதிகாரபூர்வ வரைபடம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த வரைபடத்தில் ஏறிவிட்டால் நிலம் யாருடையதாக இருந்தாலும் வழி பொதுமக்களுடையது. இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து இப்படிச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. இரண்டாவது வகை, நில உரிமையாளர் மனமுவந்து விட்ட வழி. இன்று திறந்திருக்கும், நாளை மூடினால் கேட்க முடியாது. கால்வாய் டோபாத்துகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். 2012 முதல் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளைக் கவனித்துவரும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை மக்களை உள்ளே விடுகிறது, அவ்வளவுதான். மூன்றாவது, 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மலை, மேட்டுப்புல்வெளி, பொதுநிலம். அங்கே பாதையை விட்டு விலகியும் ஓடலாம். ஆனால் ஆற்றங்கரைகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

ஸ்காட்லாந்து வேறு உலகம். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலத்திலும் ஆறு ஏரிகளிலும் போகலாம் என்று சொல்லிவிட்டது. எடின்பரோவில் பலெர்னோவிலிருந்து லீத் துறைமுகம் வரை வாட்டர் ஆஃப் லீத் ஆற்றோரம் சுமார் 20 கிலோமீட்டர் ஓடலாம். மேல்பகுதி பழைய ரயில் பாதை. காலின்டன் ரயில் சுரங்கத்துக்குள் இப்போது சுவர் முழுக்க ஓவியம். சட்டம் இப்படி இருந்தால் பாதையை இணைப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு ஸ்காட்லாந்தைப் பார்த்தாலே போதும். இங்கிலாந்து ஆற்றங்கரைகளுக்கும் இது வர வேண்டும் என்பதே என் கட்சி.

வழிக்காகச் சண்டை போட்டவர்களை இந்தக் கதையில் விட்டுவிட முடியாது. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளர்கள் அத்துமீறி ஏறியதும் அதற்காகச் சிலர் சிறைக்குப் போனதும் பலருக்குத் தெரியும். அதற்கு ஏறக்குறைய 175 வருடம் முன்பே ரிச்மண்ட் பூங்காவில் ஒரு வழக்கு நடந்தது. 1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் வேட்டைக்காக மதில் எழுப்பி வளைத்த நிலம் அது. பின்னாளில் இளவரசி அமீலியா பூங்காவின் பொறுப்புக்கு வந்தபின் பொதுமக்களை வெளியே நிறுத்தினார். உள்ளூரில் பீர் காய்ச்சும் தொழில் செய்த ஜான் லூயிஸ் வழக்குப் போட்டு 1758இல் வென்றார். கதவு வேண்டுமா, மதிலில் ஏணி வேண்டுமா என்று நீதிபதி கேட்டபோது ஏணியையே கேட்டார். கதவைப் பூட்டி வைத்துவிட வழி உண்டு அல்லவா. ஏணியின் படிகளை வேண்டுமென்றே எட்டாத இடைவெளியில் வைத்தார்கள். லூயிஸ் மறுபடி நீதிமன்றம் போனார். வயதானவர்களும் ஏறும்படி படிகளை மாற்ற உத்தரவு வந்தது. இன்று அந்தப் பூங்காவைச் சுற்றி டாம்சின் டிரெயில் என்று சுமார் 11.6 கிலோமீட்டர் வட்டப் பாதை இருக்கிறது. லண்டன் ஓட்டக்காரர்களுக்கு மனப்பாடமான பாதை.

கன்ட்ரி பார்க் எங்கிருந்து வந்தது?

ரிச்மண்ட் பூங்கா அரச பூங்கா. கன்ட்ரி பார்க், அதாவது நாட்டுப்புறப் பூங்கா, என்ற பெயரோடு பிரிட்டன் முழுக்க இருப்பவை அதற்கு மிகவும் பிந்தியவை. 1960களில் கார் வாங்கியவர்கள் பெருகினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நகரம் முழுக்கக் கிராமப்புறத்துக்குக் கிளம்பியது. மலைப்பகுதிச் சின்னச் சாலைகள் அடைத்துக்கொண்டன, வயல்களில் கார் நிறுத்தினார்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1968இல் வந்த நாட்டுப்புறச் சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது: நகரத்துக்குப் பக்கத்திலேயே, கார் நிறுத்த இடமும் கழிப்பறையும் உள்ள பசுமையான இடங்களை உள்ளாட்சிகள் அமைக்கலாம். மக்களுக்கும் தூரம் குறையும், தனிமையான மலைகளுக்கும் நெரிசல் குறையும்.

சரி, நகரத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு நிலம் எங்கே கிடைக்கும்? கெட்டுப்போன நிலம்தான் கிடைத்தது. இங்கேதான் ஆறு மறுபடி கதைக்குள் வருகிறது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அடியில் ஜல்லி படிந்திருக்கும், பனியுகக் காலத்து வெள்ளங்கள் அடித்துக்கொண்டு வந்து கொட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடும், மோட்டார்வே எனப்படும் அகன்ற விரைவுச் சாலையும் கட்டப் பெருமளவு ஜல்லி தேவைப்பட்டது. கட்டுமானம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தோண்டினார்கள். ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் என்பதால் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். தோண்டுவதை நிறுத்தியதும் குழி தானே ஏரியாகிவிடும். அங்கே வெள்ளம் வரும் என்பதால் வீடு கட்டவும் முடியாது. பூங்காவுக்கு இதைவிடத் தோதான இடம் வேறென்ன!

பீட்டர்பரோ நகரத்தின் ஃபெர்ரி மெடோஸ் பூங்கா 1978இல் திறந்தது. நீன் ஆற்றை ஒட்டிய அதன் ஏரிகள் ஜல்லிக் குழிகள். அந்த ஜல்லி ஊரின் புதிய விரைவுச் சாலைகளுக்குப் போனது. மான்செஸ்டருக்குத் தெற்கே மெர்சி ஆற்றோரம் உள்ள சேல் வாட்டர் பார்க்கும் அப்படியே: மோட்டார்வே போடத் தோண்டிய குழி ஏரியானது, பக்கத்திலேயே அந்த மோட்டார்வே இன்றும் இரைகிறது. ஷெஃபீல்டுக்கு அருகே ராதர் வேலி கன்ட்ரி பார்க் இன்னும் பெரிய மாற்றம். நிலக்கரியைத் திறந்தவெளியில் தோண்டி எடுத்துவிட்டு, நிலத்தை மறுபடி வடிவமைத்து, ஏரிகள் அமைத்து 1983இல் திறந்தார்கள். லிவர்பூலுக்கு எதிரே உள்ள விர்ரல் (Wirral) தீபகற்பத்தில் 1973இல் திறந்த பூங்கா, மூடிய ரயில் பாதை. ஹூட்டனிலிருந்து வெஸ்ட் கெர்பி வரை, டீ ஆற்றின் அகன்ற முகத்துவாரத்தைப் பார்த்தபடி சுமார் 19 கிலோமீட்டர். நடுவில் ஹேட்லோ ரோடு ரயில் நிலையத்தை 1950களில் இருந்தபடியே பராமரிக்கிறார்கள், டிக்கெட் கவுன்டர் உட்பட.

ஓடுகிறவருக்கு இதனால் என்ன? ஜல்லிக் குழிப் பூங்கா என்றால் ஏரியைச் சுற்றி வட்டப் பாதை இருக்கும், தரை சமமாக இருக்கும், மரங்கள் இளசாக இருப்பதால் காற்று நேரே அடிக்கும். ரயில் பாதைப் பூங்கா நேர்கோடு. போன வழியே திரும்ப வேண்டும், அல்லது பஸ் பிடிக்க வேண்டும். நிலக்கிழார் ஒருவரின் பழைய எஸ்டேட் கன்ட்ரி பார்க்காக மாறியிருந்தால் மேடு பள்ளமும் முதிர்ந்த மரங்களும் நிழலும் கிடைக்கும். பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட அந்த இடம் முன்னால் என்னவாக இருந்தது என்று கேட்பது அதிகம் சொல்லும்.

இங்கிலாந்தில் இன்று சுமார் 400 கன்ட்ரி பார்க்குகள் இருக்கின்றன. ஒரு பலவீனம் ஆரம்பத்திலேயே வைக்கப்பட்டுவிட்டது. அமைக்கலாம் என்று சட்டம் சொன்னதே தவிர, அமைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. முதியோர் பராமரிப்பு போன்றவை உள்ளாட்சிகளுக்குச் சட்டக் கட்டாயம். பூங்கா அப்படி இல்லை. பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவது இங்கேதான். பாதையில் பள்ளம் விழும், பார்க்கிங் கட்டணம் ஏறும். பார்க்ரன் என்ற வாராந்தர இலவச 5 கிலோமீட்டர் ஓட்டம் 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியது, இன்று பல கன்ட்ரி பார்க்குகளின் சனிக்கிழமைக் காலையே அதுதான். 2016இல் பிரிஸ்டலுக்கு அருகே ஒரு உள்ளூர் மன்றம் பாதைப் பராமரிப்புக்கு ஓட்டக்காரர்கள் பணம் தர வேண்டும் என்றது, அந்த ஊர் ஓட்டம் நின்றுபோனது. மன்றத்தின் பணக்கஷ்டம் உண்மைதான். ஆனாலும் பொதுப் பூங்காவில் ஓடுவதற்குக் காசு என்று ஆரம்பித்தால் முதலில் வராமல் போவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கிளம்புவதற்கு முன்

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பச்சைக் கோடு துண்டுதுண்டாகப் போனால் அது பொதுவழி. ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் உரிமையாளர் அனுமதித்த வழி. வெறும் கறுப்புக் கோடு, தரையில் பாதை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, உரிமை பற்றி எந்த உத்தரவாதமும் தராது. போனில் வரும் பல ஓட்டச் செயலிகள் இந்த மூன்றையும் ஒன்றாகவே காட்டுகின்றன. பூட்டிய கேட் முன்னால் போய் நிற்பது இப்படித்தான்.

தேம்ஸில் டெடிங்டன் வரை கடலின் ஏற்ற இறக்கம் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களில் ரிச்மண்ட், பட்னி பகுதிகளில் கரைப்பாதை தண்ணீருக்குள் போய்விடும். இரண்டு மணி நேரம் பொறுத்தால் வடிந்துவிடும், தெரியாமல் போனால் கணுக்கால் வரை சேறு. டைட் அட்டவணையை, அதாவது கடல் ஏற்ற இறக்க நேரங்களை, பார்க்க ஒரு நிமிடம் போதும். உள்நாட்டு ஆறுகளின் கதை வேறு. செவர்ன், ஊஸ், டிரெண்ட் கரைகள் மழைக்காலத்தில் நாள் கணக்கில் மூழ்கிக் கிடக்கும். வெள்ளம் மூடிய பாதையில் கரை எங்கே முடிகிறது என்று தெரியாது. தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். திரும்பி வருவதே சரி. ஆற்றின் நீர்மட்டத்தையும் வெள்ள எச்சரிக்கையையும் அரசே இணையத்தில் வெளியிடுகிறது.

கரைப் புல்வெளிகளில் மாடு மேயும். கன்றோடு நிற்கும் பசுவின் குறுக்கே ஓட வேண்டாம், நடந்து, தள்ளிச் சுற்றிப் போகலாம். ரிச்மண்ட், புஷி பூங்காக்களில் மான்கள். செப்டம்பர், அக்டோபர் அவற்றின் இணைசேரும் காலம், மே முதல் ஜூலை வரை குட்டி போடும் காலம். அப்போது 50 மீட்டராவது விலகி இருக்கச் சொல்கிறார்கள்.

இன்னும் ஒரு சட்டம் ஓட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பயன்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, ஒரு பாதையை மக்கள் 20 வருடம் இடைவிடாமல், அனுமதி கேட்காமல், ஒளிந்து மறையாமல், தடையில்லாமல் பயன்படுத்தியிருந்தால், அதைப் பொதுவழியாக விட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். உரிமையாளர் அதற்கு மாறாக அறிவிப்பு எதுவும் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அதிகாரபூர்வ வரைபடத்தில் இல்லாத ஆற்றோரத் துண்டுகளை இப்படிச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். 1949க்கு முந்தைய பழைய வழிகளைப் பதிவுசெய்ய 2026 ஜனவரி 1 என்று முதலில் கெடு வைத்தார்கள், பிறகு 2031 என்றார்கள், 2024 டிசம்பரில் அந்தக் கெடுவையே நீக்கப் போவதாக அரசு அறிவித்தது. சாட்சியப் படிவத்தில் கேட்பது இதுதான்: எந்த வருடத்திலிருந்து, எவ்வளவு அடிக்கடி, எந்த வழியாகப் போனீர்கள், யாராவது தடுத்தார்களா? ஓட்டத்தைக் கைக்கடிகாரத்தில் பதிவு செய்கிறவர்களிடம் முதல் மூன்றுக்கும் பதில் தேதி வாரியாக ஏற்கெனவே இருக்கிறது.